அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு தோட்டமே இருக்கிறது, தெரியுமா?

மொட்டை மாடியில் நாலு செடி வைக்க ஆசை, விதைக்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? அஞ்சறைப்பெட்டியைத் திறங்கள், போதும்! அதில் இருக்கும் வெந்தயம்தான் உங்கள் முதல் பயிர். ஒரு கைப்பிடி எடுத்து ராத்திரி ஊறவையுங்கள். காலையில் மண்மேல் தூவி, மெல்லிசாக மண் மூடித் தண்ணீர் தெளித்தால் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு வாரத்தில் வெந்தயக்கீரைச் சாம்பார் ரெடி!

பக்கத்திலேயே இருக்கிற கொத்தமல்லியின் ரகசியம் தெரியுமா? நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டை, உண்மையில் ஒரு காய்ந்த கனி! உள்ளே இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தரையில் போட்டு லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். சூடு தாங்காமல் அவசரமாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகைதான் அதற்குப் பிடித்த காலம்.

அப்படியென்றால் கொளுத்தும் வெயிலுக்கு எது? தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை! மற்ற செடிகள் துவளும் வெயிலில் இவை மட்டும் எப்படித் தளதளவென்று நிற்கின்றன? கரும்புக்கும் சோளத்துக்கும் இருக்கும் அதே தனி ஏற்பாடு இந்தக் கீரைகளின் இலைக்குள்ளும் இருக்கிறது. கரியமில வாயுவை முதலில் பிடித்துவைத்து, செறிவாக்கி, அதன்பிறகுதான் ஒளிச்சேர்க்கைக்கு அனுப்புகின்றன. நம் நெல்லுக்குக்கூட இந்த வசதி கிடையாது! விதை பொடிப் பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். ஏறக்குறைய 25 நாளில் பறித்துவிடலாம்.

மண்ணுக்கு ரொம்பக் குழம்ப வேண்டாம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமமாக, கூட ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். இந்தக் கலவையை நிரப்பிய ஈரப் பைகளின் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. தூணும் உத்தரமும் இருக்கும் ஓரமாகவே வையுங்கள்.

இனிமேல்தான் உண்மையான அதிசயம்! சுரைக்கொடி பந்தலேறிப் பூவாய்ப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லை என்று கவலைப்படாத புதுத் தோட்டக்காரர் உண்டா? சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூக்கள்தான்! பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: காம்புக்கு மேலே குட்டிச் சுரைக்காய் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தப் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். இரவுப் பூச்சிகளை நம்பியிருக்கும் பூ அது! நகரத்து மாடிக்கு அந்தப் பூச்சி வராவிட்டால் நீங்களே போங்கள். ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கு இதையே விடிகாலையில் செய்ய வேண்டும்.

தக்காளிக்கு இந்த வேலை இல்லை, ஆனால் அது கேட்பது அதிர்வு! மகரந்தம் குழாய்போன்ற பைக்குள் அடைபட்டிருக்கிறது. சாதாரணத் தேனீயால் அதை உலுக்க முடியாது. நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை ரீங்காரத்தோடு அதிரவைத்தால்தான் பொலபொலவென்று கொட்டும். காற்றும் உதவும். காலையில் பூங்கொத்துக் காம்பை விரலால் சுண்டிவிட்டாலும் காய்ப்பு கூடும். கத்திரிக்கும் இதே வைத்தியம்தான்.

இலைக்கு அடியில் அப்பும் அசுவினிப் பூச்சி ஏன் அவ்வளவு வேகமாகப் பெருகுகிறது தெரியுமா? பெண் பூச்சி ஆண் துணையின்றியே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறையின் கரு வளர ஆரம்பித்திருக்கும்! அசுவினி கசியவிடும் இனிப்புச் சாறுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். அதைத் தின்னும் பொறிவண்டின் புழு, குட்டி முதலைபோல முரடாக இருக்கும். பூச்சி என்று பயந்து நசுக்கிவிடாதீர்கள், அது உங்கள் ஆள்!

இன்னொரு பூச்சியின் கதையையும் கேளுங்கள்: 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்து வாடின. மருந்து தெளித்தும் அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது யார் தெரியுமா? 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி! மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதை ஒழித்தது. இதைப் படித்த பிறகும் சின்னப் பூச்சிகளை எல்லாம் எதிரியாகப் பார்க்க மனசு வருமா?

கடைசியாக ஒன்று. அவரையோ காராமணியோ வளர்த்தால் ஒரு செடியை மெல்லத் தோண்டி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள், உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. அந்த வேலையை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் காப்பது இந்தச் சிவப்புப் புரதம்தான். ஆகவே காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்காதீர்கள். தண்டை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டு, அதே பையில் கீரை விதையுங்கள்.