பந்தய வீரர்களின் பட்டப்பெயர்கள்

பெற்றோர் சூட்டுவது பெயர். ஊரார் சூட்டுவது பட்டப்பெயர். பெயர் வைக்க நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம். தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்று வீட்டில் பெரிய வாதமே நடக்கும். பட்டப்பெயருக்கு அதெல்லாம் கிடையாது. யாரோ ஒருவர் விளையாட்டாகச் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள், அது ஒட்டிக்கொள்ளும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார்ப் பந்தய வீரர்களையும் இது விட்டுவைக்கவில்லை. ஒட்டிய பெயரை அவரவர் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவையான செய்தி.

முதலில் அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ. பால்கார்சே என்ற சிறிய ஊரில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர். இளம் வயதில் கால்பந்து ஆடியபோது, வளைந்த கால்களைப் பார்த்து நண்பர்கள் 'எல் சுவேகோ' என்று அழைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் 'வளைகாலன்'. அவரோ அந்தக் கால்களால் பெடலை மிதித்து, 1951 முதல் 1957 வரை ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார். 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில், டயர் மாற்ற நின்றதால் பின்தங்கி, பிறகு சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்து, தன்னைவிட மிகவும் இளையவர்கள் இருவரை முந்தி வென்றபோது அவருக்கு வயது 46. கேலிப் பெயர் அதன்பின் செல்லப் பெயராகவே நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட் கதை வேறு. தொடக்க காலத்தில் அடிக்கடி காரை மோதி நொறுக்கியதால், 'ஹன்ட் த ஷன்ட்' என்று எதுகையோடு பெயர் வைத்தார்கள். 'ஷன்ட்' என்றால் பந்தயக்காரர் பேச்சில் மோதல். அதே ஹன்ட் 1976இல், கடைசிப் பந்தயமான ஜப்பானின் ஃபுஜியில் மூன்றாவதாக வந்து, நிக்கி லாடாவை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று உலக சாம்பியன் ஆனார்.

மரியாதையான பட்டங்களும் உண்டு. பிரான்சின் அலென் புரோஸ்டை 'புரொபசர்' என்றார்கள். ஆவேசமாக ஓட்டாமல், டயர், பிரேக், எரிபொருள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து ஓட்டுவார். 1986இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்த மேன்செல்லின் டயர் வெடித்தது; எரிபொருள் தீர்ந்துவிடும் என்று மீட்டர் பயமுறுத்தியும், புரோஸ்ட் எல்லையைத் தொட்டு சாம்பியன் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அவர் வென்றவை 51 பந்தயங்கள், நான்கு உலகப் பட்டங்கள்.

சில பெயர்களில் விதியின் நிழல் விழுவதுண்டு. அமெரிக்காவின் கிளென் ராபர்ட்ஸுக்கு 'ஃபயர்பால்', அதாவது 'தீப்பந்து' என்று பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் அவர் வேகமாகப் பந்து வீசியதால் வந்த பெயர் அது; காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1964 மே மாதம் சார்லட் நகரில் நடந்த பந்தயத்தில் அவருடைய கார் கவிழ்ந்து தீப்பற்றியது. சுமார் ஆறு வாரங்கள் போராடி ஜூலையில் அவர் காலமானார். தீயைத் தாங்கும் உடைகள், எளிதில் உடையாத எரிபொருள் தொட்டிகள் ஆகியவற்றின் அவசியத்தைப் பந்தய உலகம் உணர அந்த மரணமும் ஒரு காரணம்.

பெயர் ஒருவரை எவ்வளவு வாட்டும் என்பதற்கு இத்தாலியின் ஆந்த்ரேயா தே செசாரிஸ் உதாரணம். 1981இல் பலமுறை மோதியதால் அவரை 'தே கிராஷரிஸ்' ஆக்கிவிட்டார்கள். மறு ஆண்டே, 22 வயதில், லாங் பீச்சில் முதலிடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றார்; அந்தப் பெருமையை அதுவரை பெற்றவர்களில் அவரே இளையவர். 1991இல் பெல்ஜியத்தில் செனாவை விரட்டி இரண்டாமிடத்தில் வந்தபோது, முடிய மூன்றே சுற்றுகள் இருக்கையில் இன்ஜின் கைவிட்டது. 200க்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஓட்டியும் ஒரு வெற்றிகூட இல்லை. அவர் முதிர்ந்த ஓட்டுநராக மாறிய பிறகும், 1994இல் களத்தை விட்டு விலகும்வரை, பழைய பெயர் மட்டும் விலகவில்லை.

பிடிக்காத பெயரைத் துணிந்து உதறியவரும் உண்டு. அமெரிக்காவின் ஷர்லி மல்டவுனி, கால் மைல் நேர்கோட்டில் சீறிப் பாயும் 'டிராக்' பந்தய வீராங்கனை. அவருக்கு 'சா சா' என்று நடனத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அது தன் தொழிலுக்கு மதிப்பல்ல என்று கருதி அதை விட்டொழித்தார். 1977, 1980, 1982 என மூன்று முறை, ஆண்களோடு மோதி, அப்பந்தயத்தின் உச்சப் பிரிவில் சாம்பியன் ஆனார். 1984 விபத்தில் கால்கள் நொறுங்கியும் 1986இல் மீண்டும் களம் இறங்கினார்.

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் இருக்க முடியுமா? கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 'உலகின் அதிவேக இந்தியர்' என்று பட்டம் கிடைத்தது. ஒரு நாட்டையே தோளில் ஏற்றிவிடும் பெயர்! அந்த ஆண்டு இண்டியானபோலிஸில், டயர்ப் பிரச்சினையால் பல அணிகள் விலக, ஆறு கார்களே ஓடின. அதில் நான்காவதாக வந்து, பார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையையும் பெற்றார்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் பட்டப்பெயர் புதிதல்ல. கோவையானாலும், நெல்லையானாலும், ஏன், கேரளமே ஆனாலும், விந்தியத்துக்கு வடக்கே எல்லோருக்கும் ஒரே பெயர்: 'மதராசி'. அப்படி அழைக்கப்பட்டு முகம் வாடி வீடு திரும்பும் பிள்ளைக்கு வளைகாலனின் கதையைச் சொல்லலாம். பெயர் நெஞ்சை அறுத்தால், அதை ஏற்க மறுக்க ஷர்லிக்கு இருந்த உரிமை நம் பிள்ளைக்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரரை நாமும் 'சேட்டு' என்றும் 'வடக்கத்தியான்' என்றும் நம் வீட்டுக்குள் அழைக்கிறோமல்லவா? அதைக் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். வைப்பவருக்கு ஒரு நொடிச் சிரிப்பு. தே செசாரிஸ் அதைப் பதின்மூன்று ஆண்டுகள் சுமந்தார்.