பெயர்ப்பலகைத் தொழிலும் அகன்ற அச்சுப்பொறியும்

சுவரிலும் பலகையிலும் எழுத்துத் தீட்டிய ஓவியன் தன் தொழிற் கருவிகளைச் சிறு பெட்டியொன்றினுள் அடக்கிக்கொண்டான். அவன் பணியை இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுள்ள அகன்ற அச்சுப்பொறியோ பெரும் பொருள் வேண்டி நிற்பது. கடன்பட்டு அதனை வாங்குவோன் பிழைபடத் தெரிவானாயின், அப்பிழை பல்லாண்டு அவனைத் தொடரும். ஆதலின், அதனைத் தெரியும் நெறிகளை ஆராய்தல் பயனுடைத்து.

இப்பொறிகள் யாவும் நுண்டுளைகளினூடாக மைத்துளிகளைச் சிதறி உருவம் அமைப்பன. துளியை வெளியேற்றும் முறை இருவகைப்படும். மையைச் சடுதியிற் சூடாக்கி, எழும் ஆவிக்குமிழியால் துளியைத் தள்ளுதல் ஒன்று. இது 1977 ஆம் ஆண்டிலே கனன் நிறுவனத்தாராற் கண்டறியப்பட்டது. மின்னழுத்தம் பெற்றவுடன் உருமாறும் பொருளொன்றினால் மையை அமுக்கித் தள்ளுதல் மற்றொன்று. இதற்கு அடிப்படையான இயல்பை 1880 இற் பியர் கியூரியும் அவர் தமையனாரும் பளிங்குகளிற் கண்டனர். முன்னையது நீர் கலந்த மைகளுக்கே பொருந்தும். பின்னையது பலவகை மைகளையும் ஏற்கும்.

எனினும், வாங்குவோன் முதலில் ஆராயவேண்டுவது மையின் இயல்பேயாம். மென்கரைப்பான் மை, வினைல் தாளின் மேற்பரப்பைச் சிறிது இளக்கி அதனுட் பற்றிக்கொள்ளும். ஆகவே வெயிலையும் மழையையும் தாங்கும். வாகனங்களின் வளைவுகளில் ஒட்டுதற்கும் ஏற்றது. ஆயின், கரைப்பான் முற்றாக ஆவியாகுமுன் லமினேற் செய்தாற் பசை கெடும். ஒரு நாளேனும் காத்திருத்தல் வேண்டும். காற்றோட்டமற்ற அறை இதற்கு ஆகாது.

எச்.பி. நிறுவனம் 2008 இல் அறிமுகஞ் செய்த லேற்றெக்ஸ் மையிலே, நீரிற் பல்பகுதியத் துணிக்கைகள் மிதக்கும். பொறியின் வெப்பத்தால் நீர் அகல, துணிக்கைகள் உருகி ஒரு படலமாகும். அச்சு உலர்ந்தே வெளிவருதலின் உடனே லமினேற் செய்யலாம். ஆனால் வெப்பத்திற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். மெல்லிய தாள்கள் சில சுருங்குதலும் உண்டு.

மூன்றாவது, ஊதாக்கடந்த கதிரால் இறுகும் மை. மரம், கண்ணாடி, அக்கிரிலிக் முதலிய விறைத்த பொருள்களில் நேரே அச்சிட இதுவே சிறந்தது. அது பொருளினுட் புகாது மேலே படிதலின், இழுத்து ஒட்டும் வேலையில் வெடிக்கக்கூடும். இறுகாத மை தோலை உறுத்துமாதலாற் கையுறை இன்றியமையாதது.

அடுத்து, நுணுக்கம் பற்றி ஒரு மயக்கம் நிலவுகின்றது. மனிதக் கண் ஏறக்குறைய ஒரு பாகைக்கலை அளவினையே பிரித்தறியும். அஃதாவது, 1 மீற்றர் தொலைவில் 0.3 மில்லிமீற்றரும், 10 மீற்றர் தொலைவில் 3 மில்லிமீற்றரும் ஆம். எனவே தெருவோரப் பெரும்பலகைக்கு, கையிலெடுத்துப் பார்க்கும் படத்திற்குரிய நுணுக்கம் வேண்டுவதில்லை. மிகு நுணுக்கம் வேகத்தைக் குறைக்கும். விளம்பரத்திற் காட்டப்படும் வேகம் பெரும்பாலும் மிகத்தாழ்ந்த தரத்திற்குரியது என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

விலையையன்றி வேலையின் அளவையும் கணித்தல் வேண்டும். பொறியொன்றின் விலை 30 இலட்சம் ரூபா என்றும், அது 5 ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். மாதமொன்றிற்கு 50,000 ரூபா அதன் தேய்மானமாகும். மாதம் 500 சதுரமீற்றர் அச்சிடுவோனுக்குச் சதுரமீற்றர் ஒன்றின்மேல் 100 ரூபாவே ஏறும்; 100 சதுரமீற்றர் மட்டும் அச்சிடுவோனுக்கு 500 ரூபா ஏறும். மை, தாள், மின்சாரம், கூலி, வட்டி என்பன இதற்கு வேறு. பின்னவன் வேண்டிய அச்சை வேறொரு கடையிற் கூலிக்கு அடித்துக்கொண்டு, வெட்டுதலையும் பொருத்துதலையும் தானே செய்தல் அறிவுடைமை.

அன்றியும், இப்பொறி சும்மா இருப்பதனாலேயே பழுதுபடுவது. மை துளைகளில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனைத் தடுக்கப் பொறி தானே துப்புரவு செய்யும்போதும் மை செலவாகும். வெண்மையின் தைத்தேனியமீரொட்சைட்டுப் பாரமுடையதாதலின் விரைவில் அடியிற் படியும். அச்சுத்தலை பழுதுற்றால் அதன் விலை சிறியதன்று. ஆகவே உதிரிப்பாகமும் திருத்துநரும் அண்மையிற் கிடைக்கும் பொறியே, சில சிறப்புக்களிற் குறைந்ததாயினும், விரும்பத்தக்கது.

இறுதியாக, விற்போர் காட்டும் அழகிய மாதிரிகளைக் கண்டு துணிதல் தகாது. வாங்குவோன் தான் நாடோறும் பயன்படுத்தும் தாளையும் தன் வாடிக்கையாளர் ஒருவரின் படத்தையும் கொண்டுசென்று, தான் விற்கக் கருதிய தரத்திலே அச்சிடுவித்து, நேரத்தையும் மையின் செலவையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அந்த ஒரு தாள், விலைப்பட்டியல் பலவற்றினும் மிகுதியாக உண்மை கூறும்.