தெளிந்த தண்ணீரில் வெள்ளைப் பொடி எங்கிருந்து வருது? சுண்ணாம்பு சொல்லித் தரும் வேதியியல்

தெளிவான ஒரு கரைசலில் வேறொரு பொருள் சேரும்போது, கரையாத புதிய திடப்பொருள் ஒன்று உருவாகலாம். அதுக்குப் பெயர்தான் வீழ்படிவு. மாணவர்கள் பலர் இதை வரையறையாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால், இதைக் கண்ணால் பார்க்க கொஞ்சம் சுண்ணாம்பு போதும்.

ஆலங்குளத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையம் பக்கம் இருக்கும் ஆலங்குளத்தில் 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. சிமெண்டுக்கு முக்கிய மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இந்தச் சோதனையில் உருவாகும் வெள்ளைப் பொடியும் அதே கால்சியம் கார்பனேட்தான்!

எப்படிச் செய்வது?

வெற்றிலைக்குத் தடவும் வெள்ளைச் சுண்ணாம்பை அரை ஸ்பூன் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு டம்ளரில் ஊற்றுங்கள். இதுதான் சுண்ணாம்பு நீர். அதில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதினால், தண்ணீர் பால் போல மாறும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடி அடியில் படியும்.

என்ன நடந்தது?

நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கு. அது நீரில் கரைந்திருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. இது தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் கரையும். அதனால்தான் திடப்பொருளாக வெளியே வருது.

தொடர்ந்து ஊதினால்?

அந்த வெள்ளை மெல்ல மறையத் தொடங்கும். கூடுதல் கார்பன் டை ஆக்சைடு, பொடியைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். சுண்ணாம்புப் பூமியின் கிணற்று நீரில் இருப்பதும் இதுதான். அந்த நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். வீட்டில் இதை 'உப்பு'ன்னு சொல்வோம். ஆனால் சமையல் உப்பு தண்ணீரில் கரையும். இந்தப் படலம் கரையாது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும்.

கவனம், இது கண் விஷயம்!

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். ஸ்ட்ராவில் ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. தண்ணீர் பட்டதும் கொதிக்கும் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொடவே கூடாது. அதை மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கலாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான நீரை 20 நிமிடமாவது விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்க.

புரிந்ததா? ஒரு கேள்வி

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைவதும் இதே மாதிரி வேதிவினையா? இல்லை. அங்கே கடல்நீரில் ஏற்கெனவே கரைந்திருந்த உப்பு, தண்ணீர் வற்றியதும் வெளியே தெரியுது, அவ்வளவுதான். இங்கே ஊதுவதற்கு முன்பு அந்த நீரில் இல்லாத ஒரு பொருள், புதிதாகப் பிறக்கிறது. இந்த வித்தியாசத்தை மாணவர் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.