தபால்பெட்டிச் சந்தியும் பென்டில் ஹில்லும்

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் தபால்பெட்டிச் சந்திக்கு அருகே கண்ணிவெடி வெடித்தது. ரோந்து வந்த 15 படையினரில் 13 பேர் மாண்டனர். புலிகள் தரப்பில் இறந்தவர் செல்லக்கிளி. மறுநாள் அந்தப் படையினரின் அடக்கத்துக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் கலைந்தபோது கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர்.

அன்று அவுஸ்திரேலியாவில், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருந்த தமிழர் சொற்பம். பெரும்பாலும் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை ஒழிந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரருக்கே 1985இல்தான் கும்பாபிஷேகம். இன்று சிட்னியின் மேய்ஸ் ஹில்லில் முருகன். மெல்பேர்ண் கரம் டவுன்ஸில் சிவனும் விஷ்ணுவும் ஒரே வளவில். 2021 அவுஸ்திரேலியக் குடிசன மதிப்பீட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர். தமிழகத்திலிருந்து கணினி வேலைக்கு வந்தோரும் இதில் அடக்கம். சிட்னியின் பென்டில் ஹில்லில் தோசை மாவும் கருவாடும் வாங்கலாம். கொழும்பையும் பென்டில் ஹில்லையும் இணைத்து எஸ். சக்திதரன் எழுதிய நாடகம் 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. ஆனால் கடையில் தமிழில் கேட்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். திருநெல்வேலி என்றால் தமிழகத்து ஊரா என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

அந்தத் திருநெல்வேலித் தாக்குதலைப் போன்றதொன்று 2001 ஓகஸ்ட் 8 அன்று மக்கெடோனியாவில் நடந்தது. கர்ப்பாலாக்கில் அல்பேனியக் கிளர்ச்சியாளர் பதுங்கித் தாக்கிப் பத்துப் படையினரைக் கொன்றனர். கொல்லப்பட்டோரின் ஊரான பிரிலெப்பில் பள்ளிவாசல் எரிந்தது. அங்கே ஐந்தாம் நாள் ஒஹ்ரிட் உடன்படிக்கை கையெழுத்தாகி, அல்பேனிய மொழிக்கு அரச அலுவல்களில் இடம் கிடைத்தது. இலங்கையிலோ 1983 ஓகஸ்டிலேயே ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்கவில்லை எனச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தனர். பேச வேண்டியவர்களையே வெளியேற்றிய அந்தச் சட்டத்தை, கலவரத்துக்கு அடுத்த பெரும் பிழை என்பேன். போர் 2009 மே வரை நீண்டது.

எண்பதுகளில் அவுஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகள் கண்டு இளைப்பாறிய பிரஜைகள். அதே போரின் மிச்சமாய் 2012, 2013இல் படகேறி வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. நிரந்தர விசா கேட்டு, 2024இல் மெல்பேர்ண் டொக்லன்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன்னே வாரக்கணக்கில் அமர்ந்திருந்தோரில் அவர்களும் இருந்தார்கள்.