'பேம்பர்': அன்பா, அளவு மீறிய செல்லமா?

குழந்தைக்குக் கட்டும் டயப்பரைக் கடையில் பலரும் 'பேம்பர்ஸ்' என்றே கேட்கிறோம். அது 1961-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஒரு தயாரிப்பின் பெயர். அப்பெயருக்கு அடிப்படையான 'பேம்பர்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருள் என்ன?

செல்லம் கொடுத்தல், சீராட்டுதல் என்பது அதன் இன்றைய பொருள். ஆனால் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வழக்கிற்கு வந்தபோது, கொழுத்த உணவை வயிறு புடைக்க ஊட்டுதல் என்றே பொருள்பட்டது. அளவு மீறுதல் அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

இச்சொல் இரு வகையாகப் பயன்படுகிறது. பிள்ளை பெற்ற தாயையோ, வீட்டிற்கு வந்த விருந்தினரையோ 'பேம்பர்' செய்தார்கள் என்றால் அது பாராட்டு. ஒரு பிள்ளையை 'பேம்பர்டு சைல்டு' என்றால் அது குறை; செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட பிள்ளை என்று பொருள். தாய்க்குச் செய்யும் பணிவிடை அவர் எழுந்து நடமாட உதவுகிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் அளவற்ற செல்லமோ, அவன் தானாக எழுந்து நிற்பதைத் தடுக்கிறது.

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இதைக் கண்ணாரக் காணலாம். நடந்து செல்வோர் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். கொடுப்பவரின் உள்ளம் நல்லதே. ஆனால் அதற்கே பழகிய குரங்கு, மலையில் இரை தேடுவதை விட்டு, வாகனங்கள் விரையும் சாலைக்கு வருகிறது. கொடுக்காதவரின் பையைப் பறிக்கிறது.

சீராக்கின் ஞான நூல் 30-ஆம் அதிகாரம், மகனுக்கு மிதமிஞ்சிச் செல்லம் கொடுப்பவர் அவனாலேயே அச்சமும் துயரமும் அடைவார் என எச்சரிக்கிறது. சில ஆங்கில விவிலியங்களில் அங்கே வருவதும் 'பேம்பர்' என்ற இதே சொல்தான்.

அப்படியானால் கண்டிப்பு மட்டும் போதுமா? லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வரும் தந்தையைப் பாருங்கள். மகன் பன்றி மேய்த்த இடத்திற்கு அவர் பணம் அனுப்பியதாக உவமை சொல்லவில்லை. ஆனால் அவன் மனம் திருந்தி வந்தபோது, தொலைவிலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டித் தழுவினார். விருந்தும் வைத்தார். அது செல்லமல்ல, அன்பு.

அழுதவுடன் கைப்பேசி, பதினெட்டு வயது நிரம்புமுன் மோட்டார் சைக்கிள் என்று கொடுக்கும்போது, பிள்ளையின் தேவையை நிறைவேற்றுகிறோமா, அல்லது அவனுடைய முகவாட்டத்தைத் தாங்கும் வலிமை நமக்கு இல்லையா? 'இல்லை' என்ற சொல்லை வீட்டில் அன்போடு கேட்டுப் பழகாத பிள்ளை, அதை வெளியுலகில் அன்பில்லாதவர்களிடமிருந்து கேட்க நேரிடும். சிந்திப்போம்.