பழைய விளையாட்டை வாங்கலாமா?

விலை குறைவு என்பதற்காக மட்டும் நாம் எதையும் வாங்குவதில்லை. பழைய கணினி விளையாட்டுக்கும் இது பொருந்தும். ‘தி டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்’ என்பதையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்துவர். அதன் விதிகளை ட்ரோய்க்கா நிறுவனம் 2003-இல் இந்த விளையாட்டாகக் கணினிக்குக் கொண்டுவந்தது. இதில் முறைவைத்தே போர் நடக்கும். வீசிய அடி பட்டதா என்பதை, மேசையில் போலவே, 20 முகப் பகடைக் கணக்கே முடிவு செய்யும். விதிகளை ஒட்டி நடப்பதே இதன் சிறப்பு.

குறைகளும் உண்டு. கதை மெலிந்தது. வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. நிறுவனம் 2005-இல் மூடப்பட்டது. ஆர்வலர்களே பல பிழைகளைத் திருத்தி இலவசமாக வழங்கினர்.

எனவே நான்கு கேள்விகள் கேட்போம். நம் கணினியில் இது ஓடுமா? அத்திருத்தங்களைச் சேர்க்க இயலுமா? விதிகளைப் படிக்கப் பொறுமை உண்டா? போரும் பூதங்களும் நிறைந்த இது நம் வயதுக்கு ஏற்றதெனப் பெற்றோர் கருதுகின்றனரா? நான்குக்கும் ‘ஆம்’ எனில் வாங்கலாம். நல்ல கதையை மட்டும் நாடுவோர் வேறொன்றைத் தேடுவதே நன்று. கொடுக்கும் பணம் சிறிது. செலவாகும் நேரமே பெரிது அன்றோ!