மனத்திண்மை – 14: மலைக்காற்றும் வாடகை அறையும்

துக்கத்தைத் தாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கைப்பேசிகளைப் பூட்டும் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன என்றும், நால்வர் தங்கும் அறையில், மூன்று வேளைகளில் மூன்று அலாரம் அடிக்கும் இடத்தில், மனத்தை நிலைநிறுத்துவது ஆகிற காரியமா என்றும், ஏதேனும் ஒரு மலையடிவாரத்தில் ஆறு மாதம் ஒதுங்கியிருக்க வாய்த்தவர்களுக்கல்லவா நான் எழுதுவதெல்லாம் பொருந்தும் என்றும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, சற்றுக் கோபமும் கலந்த கேள்வி.

சென்னையிலிருந்து நெல்லூர்ச் சாலையில் தடா வரை சென்று மேற்கே திரும்பினால் வரும் அந்தத் தொழில் நகரம் 2008-இல் உண்டாயிற்று. அதை அடுத்த சத்தியவேடு, 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி நம் பக்கம் வந்தபோது, செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து ஆந்திரத்துக்குப் போன பூமி. பிற்பாடு 2022 வரையில் சித்தூர் ஜில்லாவின் கிழக்குக் கோடியாக அது இருந்தது. வாசகி கேட்ட கேள்விக்கு அதே ஜில்லாவின் மேற்குக் கோடியில், மதனப்பள்ளியில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை தேடத் தொடங்கினார்கள் என்பதால்தான் இந்தப் பூகோளமெல்லாம் சொல்ல நேர்ந்தது.

கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல், வறண்ட காற்று வீசும் அவ்வூருக்கருகே, பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியத்தை 1915-இல் திறந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோல்லர் அதன் தலைவராயிருந்தார். அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். க்ஷயத்துக்கு மருந்தென்று சொல்லத்தக்க எதுவும் உலகத்தில் இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, பூரண ஓய்வு ஆகிய மூன்றையும் நம்பியே எங்கும் சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கியதும் அவ்வகையே; மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் பெயரை இன்றும் கேட்கிறார்கள்.

அந்த ஓய்வை நாம் விடுமுறை என்று எண்ணிவிடலாகாது. திறந்த தாழ்வாரத்தில் வரிசையாகக் கட்டில்கள், காலையிலும் மாலையிலும் நாவின் கீழ் வெப்பமானி, வாரந்தோறும் தராசு, பேச்சும் படிப்பும் கூடாதென்று விதித்த மணி நேரங்கள், காய்ச்சல் தணிந்து பல வாரம் ஆனபின் சில கஜ தூரம் நடக்க அனுமதி, மறுபடி வெப்பமானியின் கோடு ஏறினால் அந்தச் சில கஜமும் ரத்து. விலாவுக்குள் ஊசி செலுத்தி நெஞ்சறையில் காற்றை நிரப்பி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து அதற்கும் ஓய்வளிக்கும் சிகிச்சையும் உண்டு. நிரப்பிய காற்று கரையக் கரையத் திரும்பத் திரும்ப நிரப்பியாக வேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், குழந்தைகளின் முகம் பாராமல் இதைச் சகித்தவர்களின் வைராக்கியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும், உலகத்தை விட்டு விலகியிருந்ததனால்தான் அவர்களுக்கு அது சித்தித்தது என்று அக்காலத்தார் எல்லோரும், வைத்தியர்கள் உட்பட, நம்பினார்கள்.

மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்விலும் இந்த நோய் குறுக்கிட்டது. அவருடைய தம்பி நித்யானந்தா கலிபோர்னியாவில், ஓஹாய் பள்ளத்தாக்கின் பிரசித்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டே, 1925 நவம்பரில் க்ஷயத்தால் இறந்தார். கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அண்ணனுக்குச் செய்தி நடுவழியில் எட்டியபோது, உலக குருவாகப் போகிறவர் என்று கொண்டாடப்பட்ட அவர் சாதாரண மனிதரைப் போலவே நிலைகுலைந்து அழுதார். பள்ளத்தாக்கும் காற்றும் தம்பியைக் காக்கவில்லை, பட்டமும் பரிவாரமும் அண்ணனைத் தேற்றவில்லை என்பதற்கு மேல் இங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோனியசிட் 1952-இல் வழக்கத்துக்கு வந்தது. மருந்து வந்தது, ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் தொகைக்குக் கட்டில் ஏது? வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதை அறியச் சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் அதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் முன்னின்று நடத்தினார். இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை நகரத்தின் நெரிசலான குடித்தனங்களிலேயே இருக்கவிட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், நன்றாக ஓய்ந்தார்கள், எடையும் அதிகம் ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்களோ அரைவயிற்றுச் சாப்பாட்டோடு சமைத்தார்கள், வேலைக்கும் போனார்கள். முடிவு 1959-இல் வெளியானபோது வைத்திய உலகம் திகைத்தது: குணம் அடைந்ததில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை, வீட்டில் உடனிருந்தவர்களுக்கு நோய் தொற்றியதும் அதிகமில்லை.

அந்தச் சோதனையில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுவன்று. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி நோயாளிகளின் வீட்டுக்கே சென்று, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அறியச் சிறுநீரைக் கேட்டு வாங்கிப் பரிசோதித்தார்கள். அவமானமான காரியமாகத் தோன்றலாம். ஆனால் க்ஷய சிகிச்சையின் விசித்திரத்தை அறிந்தவர்களுக்கு அதன் அவசியம் விளங்கும். இருமி இருமி எழ முடியாத நாளில் எவரும் மருந்தை மறப்பதில்லை. சில வாரங்களில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, ‘நமக்குத்தான் குணமாகிவிட்டதே’ என்று தோன்றுகிற அந்த நல்ல நாளில்தான், குமட்டலெடுக்கும் மருந்துப் பொட்டலம் அலமாரியில் தங்கிவிடுகிறது. கிருமி அதற்காகவே காத்திருக்கிறது. மனத்தைப் பற்றி எழுதும் நாங்களெல்லாம் துன்ப நாட்களுக்கே உபதேசம் செய்துகொண்டிருக்கிறோம். தேறிய நாளில் கைவிடுவதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

இதை வைத்துக்கொண்டு ஏழைகளுக்குச் சௌகரியம் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று எவரேனும் வாதிக்க வந்தால், அவரை நான் வாசலிலேயே நிறுத்துவேன். சேத்துப்பட்டில் மருந்து இனாம், வாரந்தோறும் கொடுத்தார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் வெறும் மனோதிடம் எவர் நுரையீரலையும் ஆற்றியிராது. அவ்வாறே ஷிப்டு முறையை மனிதர் தாங்கும்படி அமைப்பது முதலாளிகளின் கடமையேயன்றி வாசகியின் தியானத்தால் நிறைவேறுவதன்று.

கடிதம் எழுதிய அம்மையார், லீவு கிடைத்தால் மதனப்பள்ளிக்கு அப்பாலுள்ள ஹார்ஸ்லி மலைக்குத் தோழிகளோடு தாராளமாகப் போய் வரட்டும்; காற்று நன்றாகவே இருக்கும். மற்றபடி, நாளெல்லாம் தாம் பூட்டும் அந்தக் கருவியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவதோ, விழித்ததும் கால்மணி நேரம் வெயிலில் நடப்பதோ, ஏதேனும் ஒரே ஒரு சிறு நியமத்தை எடுத்துக்கொண்டு, அறைத்தோழி ஒருத்தியிடம் சொல்லிவைக்கட்டும். அவள் அழுகை வந்த நாளில் கேட்க வேண்டாம். சம்பளம் வந்து, சிரித்துப் பேசி, எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கிற நாளில் திடீரென்று, ‘இன்றைக்குச் செய்தாயா, அக்கா?’ என்று கேட்கட்டும்.

(தொடரும்)